‘சேராதே தம்பி’ என்பது பதிலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டாளத்தில் சேரத் துடிக்கும் பள்ளி மாணவன் ஒருவனின் மூன்று கேள்விகளையும், அவற்றுக்கு முன்னாள் படைவீரர்கள் எழுதியிருந்த பதில்களையும் உங்கள் வாசகர் பகுதியில் படித்தோம். என்ன துப்பாக்கி கொடுப்பார்கள்? நேராகக் கமாண்டோ பிரிவில் சேர முடியுமா? முதல் சண்டையில் பயமாக இருக்குமா? இவைதான் கேள்விகள். பதில்களில் பாதி, "சேராதே தம்பி, உருப்படியாக வேறு வேலை பார்" என்ற ரகம். மீதி, "முதல் வாரத்திலேயே அம்மா என்று அழுவாய்" என்ற ரகம். அவன் கால் அளவு என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதை எழுதும் நாங்கள் ரெக்ரூட்களுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, பயிற்சி கொடுத்தவர்கள்; எங்களில் சிலர் படை மருத்துவப் பிரிவில் இருந்தவர்கள். அந்தக் கேலி எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். பழைய சிப்பாய்க்கு அவை புதிய கேள்விகள் அல்ல. பதினெட்டு வயதில் அவரும் கேட்டவைதான். கடுப்பில் பாதி எதிரே நிற்கும் பையன் மேல், மீதிப் பாதி அன்றைய தன் மேல். "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று சாப்பாட்டுப் பந்தியில் கேட்கப்பட்டவருக்கு அந்த எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் கேலி செய்து எந்தப் பையனும் மனம் மாறி நாங்கள் பார்த்ததில்லை. நேற்றுவரை போக ஆசைப்பட்டவன், இன்று வீம்புக்காகவே போகிறான். அதுவும் எந்தத் தயாரிப்பும் இல்லாமல்.

முதல் உலகப்போரில் பிரிட்டனில் சிட்னி லூயிஸ் என்ற சிறுவன் 1915-இல் பன்னிரண்டு வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தான். அடுத்த ஆண்டு, பதின்மூன்று வயதில், பிரான்சின் சோம் போர்முனையில் இருந்தான். அவனைத் திரும்பக் கொண்டுவந்தது யாருடைய அறிவுரையும் அல்ல; அவன் அம்மா அனுப்பிவைத்த பிறப்புச் சான்றிதழ். அதே சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று, பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 57,470 பேர் இறந்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள்; இறந்தவர்கள் 19,240 பேர். அன்று போரிட்ட பிரிவுகளில் பல, நண்பர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரே படைப்பிரிவில் இருக்கலாம் என்று சொல்லித் திரட்டப்பட்டவை. விளைவு, ஒரே தெருவின் இளைஞர்கள் ஒரே காலையில் விழுந்தார்கள். அந்த ஏமாளித்தனம் பையன்களிடம் தானாக முளைத்ததல்ல. பெரியவர்கள் சுவரொட்டி ஒட்டி வளர்த்தது. அதைப் பையன்கள் தலையில் கட்டிச் சிரிப்பது என்ன நியாயம்?

அந்த மூன்று கேள்விகளும் முட்டாள்தனமானவை அல்ல. கேட்ட விதம்தான் சிறுபிள்ளைத்தனம். ஒவ்வொன்றுக்கும் உருப்படியான பதில் உண்டு.

துப்பாக்கி. பையன் கனவில் அது சுடுகிறது. பட்டாளத்தில் பெரும்பாலான நேரம் அதைச் சுமக்கிறோம், துடைக்கிறோம், எண்ணிக்கை சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்கிறோம். எந்த நவீனப் படையிலும் நேரடிச் சண்டைப் பிரிவில் இருப்பவர்கள் சிறுபான்மைதான். மற்றவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள், சமைக்கிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், பழுது பார்க்கிறார்கள். சண்டைப் பிரிவிலும் நாளின் பெரும்பகுதி காவல், காத்திருப்பு, சுத்தம் செய்தல் என்றுதான் போகும். சிலர் முதல் வருடத்திலேயே மனம் வெறுத்துப்போவது கஷ்டத்தால் அல்ல, சலிப்பால். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்கும் பையனுக்கு முதலில் சொல்ல வேண்டியது காதைப் பற்றி. ராணுவ ரைஃபிள் ஒன்றின் வெடியோசை சுடுபவர் காதருகே 155 டெசிபலுக்கு மேல் போகும். நொடிப்பொழுது ஓசைக்கே 140 டெசிபல்தான் பொதுவாக வைக்கும் எல்லை. பாதுகாப்பு இல்லாமல் சில குண்டுகள் போதும். உள்காதின் நுண்மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது கூர்மையான ஓசைகள். எதிராளி பேசுவது கேட்கும், ஆனால் ‘ச’வும் ‘த’வும் பிரித்தறிய முடியாது. அதன் பிறகு ஓயாத ரீங்காரம். அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் உடல்நலப் பாதிப்புக்காகப் பெறும் உதவித்தொகைகளில் அதிகம் பேருக்கு வழங்கப்படுவது இந்தக் காது ரீங்காரத்துக்குத்தான்; குண்டுக் காயத்துக்கு அல்ல.

நுரைப் பஞ்சு காதடைப்பான் கொடுப்பார்கள். பத்தில் ஏழு பேர் அதைத் தக்கை மாதிரி காது வாசலில் சொருகிக்கொண்டு நிற்பார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. சுத்தமான விரல்களால் அதைச் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். வலது காது என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். அப்போதுதான் வளைந்திருக்கும் துவாரம் நேராகும். உருட்டியதை உள்ளே தள்ளி, விரிந்து முடியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். கண்ணாடியில் நேராகப் பார்த்தால் பஞ்சு வெளியே நீட்டிக்கொண்டு தெரியக் கூடாது. இந்த ஒரு பத்தியைப் பையனிடம் சொல்ல ஒரு முன்னாள் வீரருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது, அவன் பெயரே கேட்டிராத எதிரி: சுமை. சண்டைக்கான சுமை உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அமெரிக்கத் தரைப்படையின் 1990-ஆம் ஆண்டு நடைப்பயணக் கையேடு, சண்டைக்கு 48 பவுண்டு, அதாவது சுமார் 22 கிலோ, நெடுநடைக்கு 72 பவுண்டு, சுமார் 33 கிலோ என்று வரம்பு வைத்தது. 2003-இல் ஆப்கானிஸ்தானில் அதே படையினர் சுமந்ததை எடைபோட்டுப் பார்த்தபோது நெடுநடைச் சுமை சராசரியாக 45 கிலோவைத் தாண்டியிருந்தது. காகிதத்து எடையும் முதுகு எடையும் எந்தக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. பையில் இடுப்புப் பட்டை இருந்தால் முதலில் அதை இறுக்கி, எடையை இடுப்பு எலும்பில் உட்காரவைத்துவிட்டுத்தான் தோள்பட்டையை இழுக்க வேண்டும். தலைகீழாகச் செய்பவருக்கு சில மணி நேரத்தில் கை மரத்துப்போகும். தோளில் ஓடும் நரம்புக்கொத்து பட்டைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்குவதால் வருவது அது. மோசமானால் கையைத் தூக்கவே வாரக்கணக்கில் முடியாது. இன்னொன்று: காலில் ஏற்றும் ஒரு கிலோ, முதுகில் ஏற்றும் ஐந்து கிலோவுக்குச் சமமான சக்தியைத் தின்னும். கனமான பூட்ஸ்தான் வீரனுக்கு அழகு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பாதத்துக்கு வருவோம். சண்டையே பார்க்காத பயிற்சி முகாமில் எத்தனை பேரை நொண்ட வைக்கிறது இந்தக் கொப்புளம்! தோல் ஈரமாக ஊறி, சாக்ஸ் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமுமாக இழுக்கும்போது தோலின் அடுக்குகள் உள்ளுக்குள்ளேயே பிரிகின்றன. அந்த இடைவெளியில் நீர் சேர்கிறது. ஆகவே வைத்தியம் மூன்று திசையில்: ஈரத்தைக் குறை, உராய்வைக் குறை, தோலைப் பழக்கு. உள்ளே மெல்லிய செயற்கை இழை சாக்ஸ், அதன்மேல் தடித்த சாக்ஸ்; வழுக்கல் இரண்டு துணிகளுக்கு நடுவே நடக்கட்டும், தோலில் வேண்டாம். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தவிர்க்கவும். புது பூட்ஸைத் தினம் ஒன்றிரண்டு மணிநேரமாக மூன்று வாரம் போட்டு நடந்த பிறகே நெடுநடைக்கு எடுக்க வேண்டும். நகத்தை நேராக வெட்டவும். ஓரத்தை வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும்.

கொப்புளம் வருவதற்கு முன் எச்சரிக்கை வரும். ஒரு இடத்தில் சூடாக, சுருக்கென்று ஒரு எரிச்சல். அடுத்த ஓய்வுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முடிந்தது கதை. உடனே உட்கார்ந்து, பாதத்தைத் துடைத்து, ஓரங்களை வட்டமாக வெட்டிய துத்தநாக ஆக்ஸைடு பிளாஸ்திரியை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்ட வேண்டும். சதுர ஓரம் சுருண்டு அதுவே புதுப் புண்ணை உண்டாக்கும். கழற்றிய ஈர சாக்ஸைச் சட்டைக்குள், வயிற்றை ஒட்டி வைத்தால் நடக்கும்போதே காய்ந்துவிடும். சிறு கொப்புளத்தைத் தொட வேண்டாம். நடக்க முடியாத அளவு பெரியது என்றால், சுத்தமான ஊசியால் அடி ஓரத்தில் இரண்டு துளை இட்டு நீரை வடித்து, மேல்தோலை அப்படியே மூடியாக விட்டுவிட வேண்டும். அந்த மேல்தோலைப் பிய்த்தெறிபவர்களைப் பார்த்தால் மருத்துவப் பிரிவினருக்கு இன்றும் பல் கூசும். வியர்வை தடுப்பு மருந்தைப் பாதத்தில் பூசலாமா என்று கேட்பார்கள். அமெரிக்க ராணுவத்தின் வெஸ்ட் பாயிண்ட் பயிற்சிக் கழக மாணவர்களிடம் 21 கிலோமீட்டர் நடையில் பரிசோதித்த ஆய்வு 1998-இல் வெளியானது. பூசியவர்களில் 21 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 48 சதவீதத்தினருக்கும் கொப்புளம் வந்தது. ஆனால் பூசியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோல் எரிச்சலும் வந்தது. எனவே பயிற்சிக்கு முதல் நாள் புதிதாகப் பூசிப் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இனி கமாண்டோ கேள்வி. நேராகச் சேர முடியுமா என்பது நாட்டுக்கு நாடு, பிரிவுக்குப் பிரிவு மாறும், அது இருக்கட்டும். அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற கமாண்டோ பிரிவுக்கான தேர்வில் வரும் அந்தப் பேர்போன வாரத்தில் ஐந்தரை நாளுக்கு மொத்தமே நான்கு மணி நேரத்துக்குள்தான் தூக்கம். போதும் என்று தோன்றினால் மணியை மூன்று முறை அடித்துவிட்டுப் போகலாம், பெரும்பாலானோர் போய்விடுகிறார்கள். இந்த மாதிரித் தகவலைக் கேட்டதும் பையன் என்ன செய்கிறான்? மறுநாள் காலையில் ஐந்நூறு உட்கார்ந்து எழுகிறான். அங்கேதான் கோளாறு.

பழக்கமில்லாத தசையை ஒரே நாளில் அப்படி வதைத்தால் தசை இழைகள் உடைந்து அவற்றின் புரதம் ரத்தத்தில் கலக்கும். ஓரிரு நாளில் தொடை வீங்கி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும். அது வீரத்தழும்பு அல்ல, சிறுநீரகம் செயலிழக்கப் போவதன் அறிகுறி. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எலும்பு இன்னும் மெதுவானது. மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறும். எலும்பு அப்படி அல்ல. புதுச் சுமை விழுந்ததும் உடல் முதலில் பழைய எலும்பை அரித்தெடுக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. இடித்தாயிற்று, இன்னும் கட்டவில்லை என்ற அந்த இடைவேளை ஏறத்தாழ மூன்றாவது, நான்காவது வாரத்தில் வருகிறது. பயிற்சி சூடுபிடிப்பதும் அப்போதுதான். மயிரிழை விரிசல்கள் அந்த வாரங்களில் வரிசைகட்டி வருவதற்கு இதுவே காரணம். 1855-இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுநடைக்குப் பின் வீங்கிய சிப்பாய்களின் பாதங்களைப் பற்றி எழுதினார். அது எலும்பு விரிசல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-இல்தான் தெரிந்தது. பேரே நடைமுறிவு என்று வைத்தார்கள்.

அதனால் சேரும் தேதிக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதல் மாதம் வேக நடையும் இடையிடையே மெதுவோட்டமும், வாரம் மூன்று நாள், நாளுக்கு முப்பது நிமிடம். இரண்டாம் மாதம் நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டலாம். மூன்றாம் மாதத்தில் வாரம் ஒருமுறை மட்டும் முதுகில் சுமை: உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, நான்கு கிலோமீட்டர். அடுத்த வாரம் எடையைக் கூட்டலாம் அல்லது தூரத்தைக் கூட்டலாம், இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டவே கூடாது. உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு சுமையோடு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க முடிந்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் எல்லாவற்றையும் பாதியாக்க வேண்டும். சுமையோடு ஓடக் கூடாது. இந்தக் கடைசி வரியை எந்தப் பையனும் கேட்பதில்லை, அதனால் மறுபடி சொல்கிறோம்: சுமையோடு ஓடக் கூடாது.

நீட்டி வளைத்துவிட்டு ஓடினால் காயம் வராது என்று நம்பும் பயிற்றுநர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியத் தரைப்படையின் 1,538 ரெக்ரூட்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் அதைச் செய்யவைத்துப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளியானது. இரண்டு பாதிக்கும் காயத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. வந்தபோதே ஓட்டத் தகுதியில் கடைசியில் இருந்தவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு, முதலில் இருந்தவர்களைப் போலப் பதினான்கு மடங்கு. வாசலுக்கு வரும் முன்பே பாதி தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது என்று அர்த்தம். ‘சேராதே’ என்று சொல்லி அந்த நான்கு மாதத்தை வீணாக்குகிறோம்.

வலியைப் பிரித்தறியவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தால், நீளவாக்கில் பரவலாக வலிப்பது பெரும்பாலும் தசை ஒட்டும் இடத்து எரிச்சல். ஓட்டத்தைக் குறைத்தால் ஆறும். நாணய அளவு இடத்தில் மட்டும், தொட்டால் துள்ளும்படி வலித்தால், ஒற்றைக்காலில் குதித்தால் அதே இடம் குத்தினால், இரவிலும் வலித்தால், விரிசல் என்றே நினைத்து நிறுத்த வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. முதல் இரண்டு மூன்று வாரம் அதில் தெரியாமலே இருக்கலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். தொடை இடுக்கில் வலி என்றால் இன்னும் கவனம். தொடை எலும்பின் கழுத்தில் வரும் விரிசல் நடந்துகொண்டே இருந்தால் முறிந்து நகர்ந்துவிடும், பிறகு அறுவைசிகிச்சை, சில சமயம் வாழ்நாள் நொண்டல். பெண்களுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். அணிநடையில் நெட்டையானவரின் நீண்ட அடிக்கு ஈடுகொடுக்க எட்டிப்போட்டு நடப்பதும் ஒரு காரணம். குட்டையானவர்களை வரிசையில் முன்னால் நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும், செலவில்லாமல்.

பையன்கள் வலியை மறைக்கிறார்கள். சொன்னால் பின்னால் வரும் அணிக்குத் தள்ளிவிடுவார்கள், நண்பர்களை விட்டுப் பிரிய வேண்டும் என்ற பயம். சொன்னவனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வு. மறைத்தவனுக்குப் பட்டாள வாழ்க்கையே முடிந்தது. வலியைச் சொல்பவனைக் கோழை என்று கேலி செய்யும் பழக்கத்தை இவர்கள் எங்கிருந்து கற்றார்கள்? நம்மிடமிருந்துதான்.

கேலி பேசுபவரைவிட ஆபத்தானவர் கதையளப்பவர். "எங்கள் காலத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருபது மைல் நடந்தோம்" என்பவர். தாகத்துக்கு உடல் பழகும் என்று ஒரு காலத்தில் படைகள் நம்பியது உண்மை. அது தவறு என்பதும் உண்மை. உடல் வெப்பத்துக்குப் பழகும், பத்து முதல் பதினான்கு நாளில். நீர்ப் பற்றாக்குறைக்குப் பழகாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மணிக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் வரை குடிக்கச் சொன்ன அமெரிக்கத் தரைப்படை, அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயங்கியவர்களைக் கண்டபின் 1998-இல் விதியை மாற்றியது: மணிக்கு சுமார் 1.4 லிட்டருக்கு மேல் வேண்டாம், நாளுக்கு சுமார் 11 லிட்டருக்கு மேல் வேண்டாம்.

வெயிலில் ஓடிக்கொண்டிருப்பவன் உளறத் தொடங்கினால், திசை தெரியாமல் தள்ளாடினால், வியர்த்திருந்தாலும் சரி, அது வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது சிறந்தது; தலையை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். தொட்டி இல்லை என்றால் ஐஸ் நீரில் நனைத்த துணிகளை உடல் முழுக்கப் போர்த்தி மாற்றி மாற்றிப் போட வேண்டும். அரை மணிக்குள் வெப்பம் இறங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். இப்படி விழுபவன் சோம்பேறியாக இருப்பது அபூர்வம். தன்னை நிரூபிக்கப் பார்க்கும் துடிப்பானவன்தான் விழுவான். கேலி யாரைத் தாக்குகிறது என்று கவனியுங்கள்.

மூன்றாவது கேள்வி, பயம். இதற்கு மட்டும் எல்லோரும் மழுப்புகிறார்கள். பயம் வரும், எல்லோருக்கும் வரும். கை நடுங்கும், வாய் உலரும், சிலருக்குச் சிறுநீர் பிரியும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஒரே பயிற்சியை நூறு முறை செய்யவைப்பது, மூளை உறைந்தாலும் கை தானாக வேலை செய்யத்தான். தூக்கமின்மை இதில் பாதியைக் கெடுக்கும். தொடர்ந்து பதினேழு மணிநேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது கலந்தவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997-இல் ஆய்வு வந்தது. பதினேழு மணிநேரம் என்பது பட்டாளத்தில் சாதாரண நாள்.

சண்டை முடிந்த பிறகு வருவதைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போர்முனையில் மனம் சிதைந்த சிப்பாய்களின் நிலையை 1915-இல் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் மருத்துவ இதழில் ‘வெடியதிர்ச்சி’ என்று எழுதியபோது, குண்டு வெடிப்பின் அதிர்வுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். வெடிப்பு அருகே போகாதவர்களுக்கும் அது வந்தது. அதற்கு முறையான மருத்துவப் பெயர் அமெரிக்க உளநோய்ப் பட்டியலில் ஏற 1980 ஆனது. அதன் பின் ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர், வியட்நாமிலிருந்து திரும்பியவர்களிடம் வேறொன்றைக் கண்டார். பயத்தால் அல்ல, சரியென்று நம்பியதைத் தன் மேலதிகாரியே மீறியதால் வரும் புண்; தவறென்று தெரிந்ததைத் தானே செய்ததாலும் அது வரும் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். அறக்காயம் என்று அதைச் சொல்லலாம். பதினேழு வயதுப் பையனிடம் இதைச் சொல்லலாமா என்றால், துப்பாக்கியைத் தூக்கலாம் என்ற வயதில் இதையும் கேட்கலாம். "எத்தனை பேர்?" என்று அவன் கேட்டால் முறைக்காமல், "அதை யாரிடமும் கேட்காதே, காரணம் இது" என்று இந்தப் பத்தியைச் சொன்னால் போதும்.

கடைசியாகக் காகிதம். ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் இருப்பவருக்கு எண்ணிக்கை காட்ட வேண்டிய வேலை. அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாமல் விட்டாலே போதும். அதனால் இவற்றைக் கேட்க வேண்டும்: பணிக்காலம் எத்தனை ஆண்டு, அது முடிந்தபின் திரும்ப அழைக்கும் கடமை எத்தனை ஆண்டு? விரும்பிய பிரிவு என்பது படிவத்தில் எழுதியிருக்கிறதா, வாய்ப்பேச்சா? பயிற்சியிலேயே காயப்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, வேறு பிரிவுக்கு மாற்றுவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா? விலக விரும்பினால் எந்த நாள்வரை விலகலாம்? ஆஸ்துமா, பழைய முறிவு, கண் அறுவைசிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். பின்னால் தெரிந்தால் மோசடியாகச் சேர்ந்ததாக எடுத்துக்கொண்டு உரிமைகள் எல்லாவற்றையும் பறிக்கலாம். படிவத்தை ஒருநாள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அனுமதி கேளுங்கள். தர மறுத்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிடுங்கள். அலுவலகம் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். பதினெட்டு நிரம்பாதவரை நேரடிச் சண்டையில் ஈடுபடுத்தாமலிருக்க இயன்ற எல்லாம் செய்ய வேண்டும், கட்டாயமாகச் சேர்க்கவே கூடாது என்று 2000-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற விருப்ப நெறிமுறை சொல்கிறது; அது 2002 முதல் நடைமுறையில் இருக்கிறது. பையனின் பெற்றோரும் இதைத் தெரிந்துவைத்திருக்கட்டும்.

இவ்வளவையும் கேட்டபின் அவன் சேர்ந்தால் சேரட்டும், விட்டால் விடட்டும். அது அவன் பாடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்சிப் பிரிவினர், மருத்துவப் பிரிவினர் சிலர்

பின்குறிப்பு, கேள்வி கேட்ட தம்பிக்கு: பூட்ஸுக்குக் கால் அளவு எடுப்பதை மாலையில் வைத்துக்கொள். பகலெல்லாம் நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும், நெடுநடையில் உனக்கு இருக்கப்போவது அந்தக் கால்தான். இரண்டு சாக்ஸையும் போட்டுக்கொண்டு, உட்காராமல் எழுந்து நின்று, முழு எடையையும் ஊன்றி இரண்டு காலையும் அளந்து பார். இரண்டும் ஒரே அளவாக இருக்காது. பெரிய காலுக்கு வாங்கு. நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. சரிவில் இறங்கிப் பார். விரல் முன்னால் இடித்தால் அது உன் அளவு இல்லை.